தேதி முடிவாவது இரண்டு வாரம் முன்பே

மாதவிடாயைத் தள்ளிப்போடுவது பற்றிய கேள்வி பெரும்பாலும் காலம் கடந்தே வருகிறது. மறுநாள் பரீட்சை, அல்லது விடிந்தால் நீண்ட பயணம். அடிவயிறு லேசாக இழுக்கிறது, உள்ளாடையில் ஒரு துளி தெரிகிறது. அதன் பிறகுதான் "இதை நிறுத்த ஏதாவது மாத்திரை இருக்கா?" என்ற தேடல் தொடங்குகிறது. தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது. ஆனால் அந்தத் துளி தெரிந்தபின் போட்டால் அது வேலை செய்யாது. ஏன் என்று புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் எது முடியும், எது முடியாது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

சுழற்சியின் முதல் நாள் என்பது இரத்தம் வரத் தொடங்கும் நாள். அங்கிருந்து சினைப்பையில் ஒரு நுண்பை வளர்கிறது. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. ஒரு கட்டத்தில் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென்று பொங்கி எழ, முட்டை வெளியேறுகிறது. முட்டை போனபின் எஞ்சிய நுண்பை சும்மா இருப்பதில்லை. கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. தடித்த உட்சுவரை இடிந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது இந்தப் புரோஜெஸ்டிரோன்தான்.

அந்தச் சுரப்பிக்கு ஆயுள் குறைவு, சுமார் 14 நாட்கள். கரு தரித்தால் கருவிடமிருந்து ஒரு ஹார்மோன் சமிக்ஞை வந்து அதை உயிரோடு வைத்திருக்கும். சமிக்ஞை வராவிட்டால் அது வாடிவிடும், புரோஜெஸ்டிரோன் சரியும், தாங்கல் போன உட்சுவர் உதிரும். மாதவிடாய் என்பது சுருக்கமாக இதுதான்: ஒரு ஹார்மோன் விலகியதற்கு உடல் தரும் பதில்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சுழற்சியின் இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. முட்டை வெளியேறுவதற்கு முந்தைய பாதி இழுபடும், சுருங்கும். ஒருவருக்குப் பத்து நாள், இன்னொருவருக்கு மூன்று வாரம் என்று ஆகலாம். பிந்தைய பாதியோ ஓரிரு நாள் முன்பின்னாக இரண்டு வாரத்திலேயே நிற்கும். இதை ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஓகினோ 1924இல் கண்டு சொன்னார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் சில ஆண்டுகள் கழித்துத் தனியாக இதே முடிவுக்கு வந்தார். அதற்குமுன் மருத்துவர்கள் கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஓகினோ அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினார், கணக்கு பொருந்திவிட்டது.

ஆக, இந்த மாதம் எந்தத் தேதியில் வரும் என்பது வருவதற்கு இரண்டு வாரம் முன்பே முடிவாகிவிடுகிறது. பரீட்சைப் பதற்றம், காய்ச்சல், திடீர் எடை இழப்பு, கடுமையான உடற்பயிற்சி, தூக்கக் கேடு எல்லாம் தேதியைத் தள்ளும் என்கிறோம். உண்மைதான், ஆனால் அவை தள்ளுவது முட்டை வெளியேறும் நாளை. முட்டை வெளியேறியபின் வந்த பதற்றத்துக்கு அந்த மாதத் தேதிமேல் பெரிய செல்வாக்கு கிடையாது. "நேற்று ரொம்ப டென்ஷன், அதனால்தான் இன்று வரவில்லை" என்று யாராவது சொன்னால், அநேகமாகக் காரணம் நேற்றில் இல்லை, மூன்று வாரம் முன்பு இருக்கிறது.

தள்ளிப்போடும் மாத்திரையின் வேலையும் இங்கிருந்தே விளங்கும். கார்பஸ் லூட்டியம் வாடும் நேரத்தில் வெளியிலிருந்து புரோஜெஸ்டிரோன் போன்ற ஒன்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உட்சுவருக்குத் தாங்கல் போனது தெரியாது. கொடுப்பதை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உதிரும். இதற்கு உலகெங்கும் அதிகம் பயன்படுவது நாரெதிஸ்டிரோன். 1951இல் மெக்சிகோ நகரத்தில் சின்டெக்ஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ் ஆகியோரின் குழுவில் இருந்த லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற இளம் வேதியியலாளரின் கையில் உருவானது. அதுவரை புரோஜெஸ்டிரோனை வாய்வழி கொடுத்தால் பெரும்பகுதி ஈரலிலேயே சிதைந்துபோகும், ஊசிதான் வழி. வாய்வழி விழுங்கினாலும் வலுவாக வேலை செய்யும் ஒன்று கிடைத்ததால்தான் பின்னாளில் கருத்தடை மாத்திரையும் வந்தது, இன்று நாம் பேசும் தேதி மாற்றும் வேலையும் சாத்தியமானது.

வழக்கமான முறை இது: எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி, 5 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை, தள்ளிப்போட வேண்டிய நாள்வரை எடுப்பது, பொதுவாக இரண்டு வாரத்துக்கு மிகாமல். சிலருக்கு மருத்துவர்கள் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற வேறொரு மாத்திரையைத் தருவார்கள். மூன்று நாள் முன்பு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் சரிந்து, கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருட்கள் பெருகி, உட்சுவரின் சிறு தமனிகள் இறுகி, நொதிகள் திசுவைக் கரைக்கத் தொடங்கிவிட்டால் அந்த வேலையைப் பாதியில் நிறுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. இடிக்கத் தொடங்கிய சுவருக்கு அப்போது முட்டுக்கொடுத்து என்ன பயன்? முதல் துளிக்குப் பிறகு மாத்திரை ஏன் உதவாது என்பதற்கு விடை இதுதான்.

மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்ளும் சாதாரண மாத்திரையாகப் பலர் இதை நினைக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாரெதிஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ரடயாலாக மாறுகிறது. அது பெரும்பாலான கூட்டுக் கருத்தடை மாத்திரைகளில் (ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் போன்ற ஒன்றும் சேர்ந்தவை) இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன். மாதவிடாயைத் தள்ளிப்போடக் கொடுக்கும் அளவில் இந்த மாற்றத்தைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டு உருவாகும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டக்கூடும். இளவயதில், வேறு கோளாறு இல்லாத ஒருவருக்கு அந்த வாய்ப்பு மொத்தத்தில் மிகக் குறைவு. ஆனால் முன்பு கட்டு வந்தவர், குடும்பத்தில் இளவயதிலேயே கட்டு வந்தவர்கள் உள்ளவர், மிகுந்த உடல் பருமன் உள்ளவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோருக்குக் கணக்கு மாறுகிறது. இதில் ஒரு முரணும் உண்டு. இந்த மாத்திரையை அதிகம் கேட்பவர்கள் நீண்ட பயணம் போகிறவர்கள். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வருவதும் கட்டுக்கு ஒரு காரணம். இரண்டும் ஒரே நாளில் சேர்கின்றன என்பதால்தான் மருத்துவர் கேட்கும் நான்கைந்து கேள்விகள் வெறும் சம்பிரதாயம் அல்ல என்கிறேன்.

மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. காக்காய் வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவை ஈரலை வேகமாக வேலை செய்யவைத்து இந்த ஹார்மோன்களைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். மாத்திரை போட்டும் தேதி நிற்காது. மார்பு கனத்தல், வயிறு உப்பல், தலைவலி, எரிச்சல் போன்ற சில்லறைத் தொந்தரவுகள் சிலருக்கு வரும், நிறுத்தியதும் போய்விடும்.

அப்புறம் இன்னொரு குழப்பம். நாரெதிஸ்டிரோனை இப்படிச் சில நாள் எடுப்பது கருத்தடை ஆகாது. முட்டை ஏற்கெனவே வெளியேறியபின்தானே தொடங்குகிறோம்! கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தால் தொடங்கும் முன் சோதித்துக்கொள்ள வேண்டும். நிறுத்தி ஒரு வாரமாகியும் இரத்தம் வரவில்லை என்றால் அப்போதும் சோதனை தேவை. மாத்திரைதான் தள்ளிவிட்டது என்று நினைத்து இருக்கும்போது கர்ப்பம் கவனிக்கப்படாமல் போவது உண்டு.

இனி கூட்டுக் கருத்தடை மாத்திரைக்கு வருவோம். இதன் வரலாறு சுவாரசியமானது. 1950களில் அமெரிக்காவில் ஜான் ராக் என்ற மகப்பேறு மருத்துவரும் கிரகரி பின்கஸ் என்ற உயிரியலாளரும் இந்த ஹார்மோன்களைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராக்கிடம் வந்தவர்கள் குழந்தைக்காக ஏங்கியவர்கள். இடைவெளி இல்லாமல் மருந்து கொடுத்ததும் அவர்களுக்கு மாதவிடாய் நின்றது, மார்பு கனத்தது, குமட்டியது. கரு தரித்துவிட்டது என்று நம்பி, பிறகு உடைந்துபோனார்கள். அதன்பிறகு மாதத்தில் சில நாள் மருந்தை நிறுத்தி இரத்தம் வரவிடும் முறை வந்தது. மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் இடைவெளி என்று இன்று பழகிப்போன அட்டையின் பூர்வீகம் இதுதான். 1957இல் எனோவிட் என்ற பெயரில் முதலில் மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாகவே அமெரிக்க அரசு அனுமதித்தது. கருத்தடைக்கான அனுமதி 1960இல்தான் வந்தது. ராக் பக்தியுள்ள கத்தோலிக்கர். கரு தரிக்காத, இயற்கையின் பாதுகாப்பான நாட்களைச் சற்று நீட்டுவதுதானே இது என்று திருச்சபையிடம் வாதாடினார். 1968இல் போப் ஆறாம் பால் அதை ஏற்க மறுத்துவிட்டார்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி என்ன? மாத்திரை எடுப்பவருக்கு இடைவெளி வாரத்தில் வருவது உண்மையில் மாதவிடாயே அல்ல. முட்டை வெளியேறவில்லை, கார்பஸ் லூட்டியம் உருவாகவில்லை. மாத்திரை நின்றதால் வரும் இரத்தம் மட்டுமே அது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதன் தேதியை நிர்ணயிப்பது சினைப்பை அல்ல, அட்டை. அதனால் ஏற்கெனவே கூட்டு மாத்திரை எடுப்பவருக்குத் தேதி மாற்றுவது எளிது. 21 மாத்திரை அட்டை முடிந்ததும் இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கிவிட வேண்டியதுதான். 28 மாத்திரை அட்டை என்றால் கடைசியில் இருக்கும் மருந்தில்லாத மாத்திரைகளைத் தாண்டிவிட்டு அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். மாத்திரைகள் பல நிறத்தில், வாரத்துக்கு ஒரு அளவாக இருக்கும் வகை என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இடைவெளி வாரத்தால் உடல்நலத்துக்குத் தனி நன்மை எதுவும் இல்லை என்று பிரிட்டனின் பாலியல், இனப்பெருக்க நலத் துறை மருத்துவர் அமைப்பு 2019இல் தன் வழிகாட்டலிலேயே எழுதிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் இடைவெளி விடும் அட்டைக்கு அமெரிக்காவில் 2003லேயே அனுமதி கிடைத்தது.

தொடர்ந்து எடுக்கும்போது முதல் சில மாதங்களில் எதிர்பாராத நேரத்தில் திட்டுத் திட்டாக இரத்தம் கசியலாம். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் எந்த நாளுக்காகத் தள்ளிப்போட்டோமோ அந்த நாளில் கசிந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். அதனால்தான் முக்கியமான தேதிக்கு இந்த வழியை நம்புகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிப் பழகிக்கொள்வது புத்திசாலித்தனம். முன்கூட்டியே வரவழைக்கவும் இந்த வழிதான் வசதி: குறைந்தது 21 நாள் தொடர்ந்து எடுத்தபின் நமக்குத் தோதான நாளில் நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாளில் வந்து, பயணத்துக்கு முன் முடிந்துவிடும். மாத்திரைப் பழக்கம் இல்லாதவருக்கு, தன் சொந்தச் சுழற்சியில் தேதியை முன்னுக்கு இழுப்பது தள்ளிப்போடுவதைவிடக் கடினம். முந்தைய சுழற்சியின் தொடக்கத்திலேயே மருந்தை ஆரம்பித்தாக வேண்டும்.

ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் மின்னல் கோடுகள் தெரிபவர்கள், 35 வயதைத் தாண்டிய புகைப்பழக்கம் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த இந்த மாத்திரை ஏற்றதல்ல. ஒரு பயணத் தேதிக்காகப் பக்கவாத ஆபத்தை வாங்கிக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள்.

"வெளியே வரவேண்டிய கெட்ட இரத்தம் உள்ளேயே தேங்கிவிடாதா?" இந்தப் பயத்தைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை, மனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். தேங்காது. கருப்பை இரத்தம் சேர்த்துவைக்கும் பை அல்ல. மாதவிடாய் இரத்தம் கெட்ட இரத்தமும் அல்ல. நாளங்களில் ஓடும் அதே இரத்தம், உதிர்ந்த திசுவோடு கலந்து வருகிறது. மாத்திரை தொடர்ந்து எடுக்கும்போது உட்சுவர் மெலிந்தே இருக்கும், உதிர்க்க அதிகம் எதுவும் இருக்காது. மாத்திரை எதுவும் எடுக்காமலே மூன்று மாதத்துக்குமேல் வராமல் இருந்தால் அது வேறு கதை. அங்கே முட்டை வெளியேறாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உட்சுவரைத் தடிக்கவைத்துக்கொண்டே போகலாம், அதற்கு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

இயற்கைக்கு மாறானது என்ற வாதத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். இன்று ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் சுமார் 400 முறை மாதவிடாய் வருகிறது. மாலி நாட்டின் தோகோன் மக்களிடையே மானிடவியலாளர் பெவர்லி ஸ்ட்ராஸ்மன் செய்த கணக்கில் இது சுமார் 100தான். பிள்ளைப்பேறு, பல ஆண்டு தாய்ப்பால், மறுபடி பிள்ளைப்பேறு என்று அங்கே இடைவெளிகள் நிறைந்திருந்தன. மாதாமாதம் தவறாமல் வருவதே பழங்கால வழக்கம் என்று நினைத்திருந்தோம், அது பிழை. இதனால் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "இயற்கை" என்ற ஒரு சொல்லை வைத்து இன்னொருத்தியின் விருப்பத்தை அடக்க முடியாது என்கிறேன், அவ்வளவே.

இந்த விருப்பம் அற்பமானதும் அல்ல. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், முந்தைய நாள்தான் மாதவிடாய் தொடங்கியது, அதனால் களைப்பாக இருந்தது என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 1983இல் சாலி ரைடு விண்வெளிக்குப் போனபோது ஒரு வாரப் பயணத்துக்கு 100 டாம்பன் (உள்ளே செருகும் பஞ்சு) போதுமா என்று நாசா பொறியாளர்கள் அவரிடம் கேட்ட கதை இன்றும் சிரிப்பை வரவழைக்கும். விண்வெளி வீராங்கனைகள் பலர் பயணக் காலத்தில் மாதவிடாயை மாத்திரையால் நிறுத்திவைக்கிறார்கள். புற்றுநோய் மருந்தால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, ஒரு மாதவிடாயே உயிருக்கு ஆபத்தாகும் நிலையில் உள்ளவர்களுக்கு மருத்துவர்களே நிறுத்துகிறார்கள். உடல், மன வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெண்கள் சிலருக்கும் அப்படி.

ஹார்மோன் வெளியிடும் கருப்பைக் கருவி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி இரண்டும் நீண்டகாலத்துக்கானவை. ஓராண்டில் கருவி வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கும், ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் இரத்தப்போக்கு நின்றுவிடுகிறது. ஆனால் முதல் மாதங்களில் தாறுமாறான கசிவு இருக்கும், ஒரு தேதிக்காக இவற்றை நாடுவதில் பொருளில்லை.

சரி, தேதியை எப்படித் தெரிந்துகொள்வது? செல்பேசிச் செயலிகள் கடந்த மாதங்களின் சராசரியைக் கூட்டிக் கழித்துச் சொல்கின்றன. சுழற்சி சீராக உள்ளவருக்கு அது போதும். 24 முதல் 38 நாள்வரை எதுவும் இயல்பே. வயதுக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆனவர்கள், நாற்பதுகளில் இருப்பவர்கள், பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்குச் சராசரி ஏமாற்றும். அவர்களுக்கு எல்.எச். சோதனைப் பட்டை கொஞ்சம் உதவும்; சிறுநீரில் எல்.எச். ஏறியது தெரிந்தால் ஒன்றிரண்டு நாளில் முட்டை வெளியேறும், அங்கிருந்து சுமார் இரண்டு வாரம் எண்ணலாம். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களில் எல்.எச். எப்போதும் கூடுதலாக இருந்து பட்டை பொய் சொல்வதும் உண்டு.

நிலாவை வைத்து எண்ண வேண்டாம். கூடத் தங்கும் பெண்களுக்குத் தேதி ஒன்றாகும் என்பதையும் நம்பித் திட்டமிட வேண்டாம். ஆய்வாளர் மார்த்தா மெக்கிளின்டாக் 1971இல் ஒரு கல்லூரி விடுதியின் 135 மாணவிகளை வைத்து அப்படித்தான் எழுதினார். பின்னர் வந்த ஆய்வுகளில், சீனாவில் 186 பேரைக் கவனித்தது உட்பட, அது நிற்கவில்லை. சுழற்சி நீளம் வேறுபடும் இருவருக்குத் தேதிகள் அவ்வப்போது ஒன்றையொன்று நெருங்கி விலகுவது வெறும் கணக்கு. குடித்தும் தின்றும் தேதியைத் தள்ளும் கைவைத்தியங்களுக்கும் இதே கதிதான். புரோஜெஸ்டிரோனை எட்டாத எதுவும் தேதியை எட்டாது.

காலம் கடந்து கேட்பவருக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே. தொடங்கிவிட்டதை நிறுத்த முடியாது, குறைக்க முடியும். மெஃபனமிக் அமிலம், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பதால் வலியோடு இரத்தப்போக்கையும் ஓரளவு குறைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். டிரானெக்சாமிக் அமிலம் போக்கை ஏறக்குறைய பாதியாக்கும், ஆனால் இரத்தக் கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. மாதவிடாய்க் கப் (உள்ளே வைத்து இரத்தத்தைப் பிடிக்கும் கிண்ணம்) பயன்படுத்துபவர்கள் 12 மணி நேரம்வரை கவலையில்லாமல் இருக்கலாம், டாம்பன் என்றால் 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முதன்முதலாகக் கப் போட்டுப் பார்க்கப் பயண நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். செருகவும் எடுக்கவும் கை பழக இரண்டு மூன்று மாதம் ஆகும்.